அமெரிக்காவில் மளிகைக் கூப்பன்கள்: புதிதாக வந்தவர்களுக்கு

அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் ஒரே டிடர்ஜென்ட் டப்பாவுக்கு மூன்று விலை ஒட்டியிருப்பார்கள். மேலே சாதாரண விலை, அதற்குக் கீழே உறுப்பினர் விலை, அதற்கும் கீழே 'டிஜிட்டல் கூப்பனோடு' என்று இன்னொரு விலை. ஊரிலிருந்து வந்த புதிதில் இதைப் பார்த்தால் எது நிஜ விலை என்றே புரியாது. மூன்றுமே நிஜம்தான். விலை பார்த்து, சற்று மெனக்கெட்டு வாங்குகிறவருக்குக் கடை குறைத்துக் கொடுக்கிறது. மற்றவரிடம் முழு விலை வாங்கிக்கொள்கிறது. நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைக் கூப்பன்தான் முடிவு செய்கிறது.

கூப்பன் வகைகள் ஏராளம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. எந்தக் கூப்பன் கைக்கு வந்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் தள்ளுபடிக் காசை யார் தருகிறார்கள்? பொருளைத் தயாரித்த கம்பெனியா, விற்கிற கடையா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால், எதை எதோடு சேர்க்கலாம், எங்கே செல்லும், வரி எப்படி விழும் என்ற மற்ற விதிகள் எல்லாம் தானாகவே புரிய ஆரம்பிக்கும்.

கம்பெனி கூப்பனும் கடைக் கூப்பனும்

கூப்பனின் மேல் விளிம்பில் 'மேனுஃபேக்சரர் கூப்பன்' என்று அச்சிட்டிருந்தால் அது தயாரிப்பாளர் தருவது. டூத்பேஸ்ட் கம்பெனி, டயப்பர் கம்பெனி, சீரியல் கம்பெனி எல்லாம் தங்கள் பொருளை வாங்க வைப்பதற்காக வெளியிடுகிறார்கள். இதன் பின்னால் காசு எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. நீங்கள் 1 டாலர் கூப்பனை நீட்டினால், கடை முதலில் தன் கையிலிருந்து அந்த 1 டாலரைக் குறைத்துக்கொள்கிறது. பிறகு சேர்ந்த கூப்பன்களையெல்லாம் மூட்டை கட்டி, கூப்பன் கணக்குப் பார்க்கும் நிறுவனம் வழியாகக் கம்பெனிக்கு அனுப்புகிறது. கம்பெனி அந்த 1 டாலரையும், கையாளும் கூலியாக வழக்கமாக 8 சென்ட்டையும் கடைக்குத் திருப்பித் தருகிறது. கூப்பனின் அடியில் பொடி எழுத்தில் இந்த 8 சென்ட் விவரம் இருக்கும், பாருங்கள்.

ஆகவே கூப்பனை ஒழுங்காகப் பயன்படுத்தினால் கடைக்கு நஷ்டம் ஏதும் இல்லை. கேஷியரிடம் கூப்பனை நீட்டக் கூச்சப்படுகிற நம்மவர்கள் பலர் உண்டு. ஏதோ பேரம் பேசுவதுபோல, கடைக்காரரிடம் சலுகை கேட்பதுபோல நினைத்துக்கொள்கிறார்கள். அவர் கண்ணுக்கு அது இன்னொரு வகைப் பணம், அவ்வளவுதான். ஆனால் விதி தவறிய கூப்பனை வாங்கிவிட்டால் கம்பெனி காசு தராது, நஷ்டம் கடையின் தலையில் விழும். கேஷியர்கள் சில சமயம் கூப்பனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அதனால்தான். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைக் கூப்பன் வேறு கதை. இதில் கடையின் பெயரும் சின்னமும் இருக்கும். தள்ளுபடியைக் கடையே ஏற்றுக்கொள்வதால், பொதுவாக அந்தக் கடையில் மட்டும்தான் செல்லும். '50 டாலருக்கு வாங்கினால் 10 டாலர் குறைவு' என்று மொத்த பில்லுக்கு வருகிற கூப்பன்கள் பெரும்பாலும் இந்த ரகம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை: சில கம்பெனி கூப்பன்களிலும் 'இந்தக் கடையில் வாங்குங்கள்' என்று ஒரு கடையின் பெயரைப் போட்டிருப்பார்கள். கடைப் பெயரைப் பார்த்துவிட்டு அதைக் கடைக் கூப்பன் என்று நினைத்துவிடக் கூடாது. மேல் விளிம்பில் இருக்கும் வார்த்தைதான் கணக்கு.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில் என்ன லாபம் என்றால், பல கடைகளில் ஒரே பொருளுக்கு ஒரு கம்பெனி கூப்பனையும் ஒரு கடைக் கூப்பனையும் சேர்த்துப் போடலாம். இதை ஸ்டாக்கிங் என்பார்கள். காசு தருகிறவர்கள் வேறு வேறு ஆட்கள் என்பதால் இதற்கு இடமிருக்கிறது. இரண்டு கம்பெனி கூப்பன்களை ஒரே பொருளுக்குப் போட முடியாது. ஒன்று காகிதமாகவும் இன்னொன்று போனிலும் இருந்தாலும் அதே விதிதான். இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள்: செயலியில் கிளிக் செய்து வைத்த கூப்பன் கடையுடையது என்று நினைத்துக்கொண்டு, கையில் ஒரு காகிதக் கூப்பனையும் கொண்டுபோவார்கள். செயலியில் இருப்பதும் கம்பெனி கூப்பனாக இருந்தால் இரண்டில் ஒன்றுதான் வேலை செய்யும்.

ஒரு கூப்பனை எப்படிப் படிப்பது

ஒரு காகிதக் கூப்பனைக் கையில் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகப் பாருங்கள். மேலே ஒரு பக்கம் வகை, மறு பக்கம் காலாவதித் தேதி. அமெரிக்காவில் தேதியை மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையில் எழுதுவார்கள். 04/06 என்றால் ஏப்ரல் 6. ஜூன் 4 என்று படித்துவிட்டு இன்னும் நாள் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். அச்சிட்ட அந்த நாளிலும் கூப்பன் செல்லும்.

நடுவில் பெரிதாகத் தள்ளுபடித் தொகை. அதையொட்டிச் சின்ன எழுத்தில் இருப்பதுதான் முக்கியமான வரி: எந்தப் பொருள், என்ன அளவு, எத்தனை வாங்க வேண்டும். '1 டாலர் குறைவு' என்று கண்ணைப் பறிக்கும் எழுத்தில் போட்டுவிட்டு, கீழே 'இரண்டு வாங்கினால்' என்று சிறிதாகப் போட்டிருப்பார்கள். அப்போது ஒன்றுக்கு 50 சென்ட்தான். 'ட்ரையல் சைஸ்', 'ட்ராவல் சைஸ்' தவிர என்றால் பயணத்துக்கான குட்டிப் பாட்டில்களுக்குச் செல்லாது. படத்தில் இருக்கும் பொருளைத்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. படத்தில் அநேகமாக விலை கூடிய ரகத்தைத்தான் போடுவார்கள். எழுத்தில் 'எந்த ரகமும்' என்று இருந்தால் மலிவானதை எடுத்துக்கொள்ளலாம்.

அதற்கும் கீழே நிபந்தனைகள். இரண்டு சொற்களைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 'ஒரு பர்ச்சேஸுக்கு ஒரு கூப்பன்' என்றால் ஒரு பொருளுக்கு ஒன்று. நான்கு டூத்பேஸ்ட் வாங்கினால், கையில் நான்கு கூப்பன் இருந்தால், நான்கையும் போடலாம். 'ஒரு ட்ரான்ஸாக்ஷனுக்கு ஒன்று' என்றால் மொத்த பில்லுக்கே ஒன்றுதான். சில பெரிய கம்பெனிகள் 'ஒரே மாதிரிக் கூப்பன் ஒரு தடவைக்கு இத்தனைதான்' என்று தனியாகவும் உச்சவரம்பு வைக்கும்.

'டூ நாட் டபுள்' என்ற வரியும் கண்ணில் படும். முன்பெல்லாம் பல கடைகள் 50 சென்ட் கூப்பனைக் கொடுத்தால் தங்கள் பங்குக்கு இன்னொரு 50 சென்ட் சேர்த்து இரட்டிப்பாகக் குறைத்தன. இப்போது அப்படிச் செய்யும் கடைகள் அரிது. உங்கள் ஊரில் இருந்தால் அதிர்ஷ்டம். கடைசியாக, கூப்பனின் ரொக்க மதிப்பு ஒரு சென்ட்டில் நூறில் ஒரு பங்கு என்று விசித்திரமாக ஒரு வரி இருக்கும். கடைகள் முன்பு வாடிக்கையாளருக்குத் தந்த 'ட்ரேடிங் ஸ்டாம்ப்' முத்திரைகளுக்கான பழைய சட்டங்கள் சில மாநிலங்களில் இன்னும் இருப்பதால், ஏதாவது ஒரு ரொக்க மதிப்பை அச்சிட்டாக வேண்டும். நமக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை, தாண்டிப் போகலாம்.

எங்கே கிடைக்கும்

ஞாயிற்றுக்கிழமை நாளிதழுக்குள் வண்ணப் புத்தகமாகக் கூப்பன் வரும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. இன்று அந்தப் புத்தகங்கள் மெலிந்துவிட்டன. கூப்பனுக்காக மட்டும் நாளிதழ் சந்தா கட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பக்கத்து நூலகத்திலோ நண்பர் வீட்டிலோ வேண்டாமென்று விட்டதைக் கேட்டு வாங்கிக்கொண்டால் போதும். தபாலில் வரும் விளம்பரக் கட்டுகளையும் பிரித்துப் பார்க்காமல் குப்பையில் போடாதீர்கள்.

கடைக்குள்ளேயே கிடைப்பவை சில உண்டு. பொருளின் மேல் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டியிருப்பதைப் பீலி என்பார்கள். உரித்து கேஷியரிடம் கொடுத்தால் அப்போதே குறையும். பில் போட்ட பிறகு வீட்டில் போய்ப் பார்த்து வருத்தப்படுபவர்கள் நிறைய, ஆகவே பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டே வண்டியில் போடுங்கள். அலமாரித் தட்டில் கிழித்து எடுத்துக்கொள்ளும்படி சின்ன நோட்டுப் போல இருப்பது டேர்பேட். இவற்றில் நமக்கு வேண்டியதை மட்டும் எடுப்பதுதான் மரியாதை. பொருளை வாங்காமல் ஸ்டிக்கரை மட்டும் உரித்துக்கொண்டு போவது அடுத்து வருகிறவரின் காசை எடுப்பதற்குச் சமம்.

பில் போட்டு முடிந்ததும் பக்கத்தில் இருக்கும் தனிக் குட்டி இயந்திரம் ஒரு நீளச் சீட்டைத் துப்பும். அதுதான் கேட்டலினா கூப்பன். அதை நடத்தும் கம்பெனியின் பெயரே அது. நீங்கள் வாங்கிய பொருள்களை வைத்து அது முடிவு செய்கிறது: ஒரு கம்பெனியின் காபி வாங்கியிருந்தால், போட்டிக் கம்பெனி காபிக்குக் கூப்பன் வரலாம். 'அடுத்த தடவை வரும்போது 3 டாலர் குறைவு' என்று எந்தப் பொருளுக்கும் செல்லும் சீட்டும் சில நேரம் வரும். அது கிட்டத்தட்டப் பணம்தான். பையோடு சேர்த்துச் சுருட்டிப் போட்டுவிடாமல் பர்சில் வையுங்கள்.

சி.வி.எஸ் போன்ற மருந்துக்கடைகளிலும் இதுபோலவே. அங்கே சோப்பு, ஷாம்பு, டயப்பர் விலையெல்லாம் சாதாரணமாகக் கூடுதல்தான், ஆனால் 'இதை வாங்கினால் அடுத்த தடவைக்கு 5 டாலர்' என்று எக்ஸ்ட்ராபக்ஸ் கொடுப்பார்கள். அது ரசீதின் அடியிலோ செயலியிலோ வரும், காலக்கெடு உண்டு. அந்தக் காசை மறுபடி அதே கடையில்தான் செலவழிக்க முடியும். அடிக்கடி போகாத கடை என்றால் அதைத் தள்ளுபடியாகவே கணக்கில் வைக்காதீர்கள்.

டிஜிட்டல் கூப்பன்

இன்றைக்கு அதிகம் பயன்படுவது இதுதான், ஆகவே நின்று பார்ப்போம். முதலில் வழக்கமாகப் போகும் கடையின் செயலியை இறக்கிக்கொண்டு, போன் நம்பர் கொடுத்துக் கணக்குத் தொடங்குங்கள். காசு கட்ட வேண்டியதில்லை. க்ரோகர், சேஃப்வே, டார்கெட் என எல்லாப் பெரிய கடைகளுக்கும் செயலி இருக்கிறது. ரால்ஃப்ஸ், ஃப்ரெட் மேயர், கிங் சூப்பர்ஸ், ஹாரிஸ் டீட்டர் எல்லாம் க்ரோகர் குடும்பம். வான்ஸ், சேஃப்வே, ஜுவல் ஆஸ்கோ எல்லாம் ஆல்பர்ட்சன்ஸ் குடும்பம். ஒன்றில் பழகிவிட்டால் அதே குடும்பத்து மற்ற கடையில் செயலி புதிதாகத் தெரியாது.

செயலியில் கூப்பன் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'கிளிப்' என்று பொத்தான். அதை அழுத்தினால்தான் கூப்பன் உங்கள் கணக்கில் ஏறும். பார்த்தால் மட்டும் போதாது, அழுத்த வேண்டும். இதை வீட்டிலேயே செய்துவிட்டுக் கிளம்புங்கள். பெரிய கடைகளுக்குள் சிக்னல் பல நேரம் கிடைக்காது. கடையில் பில் போடும்போது கணக்கில் கொடுத்த அதே போன் நம்பரை அங்குள்ள சின்னத் திரையில் அடித்தால் கூப்பன்கள் தானாகக் கழியும். வீட்டில் இருவர் வேறு வேறு நம்பரில் கணக்கு வைத்திருந்தால், கிளிப் செய்தது யார் நம்பரில் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

டிஜிட்டல் கூப்பன் பெரும்பாலும் ஒரு தடவைதான் செல்லும், அதுவும் ஒரு பொருளுக்கு. இரண்டு பாக்கெட் எடுத்தால் ஒன்றுக்குத்தான் குறையும். விதிவிலக்காக, சில வார இறுதிச் சலுகைகளில் 'ஒரே பில்லில் 5 வரை' என்று போட்டிருப்பார்கள். கூப்பன் படத்தைத் தொட்டால் இந்த விவரங்கள் திறக்கும். கம்பெனியுடையதா கடையுடையதா என்பதும் அங்கேதான் இருக்கும்.

ஸ்மார்ட்போன் பழக்கமில்லாத பெற்றோர் ஊரிலிருந்து வந்து தங்கி, தனியாகக் கடைக்குப் போவார்கள். இந்த டிஜிட்டல் விலைகள் அவர்களுக்குக் கிடைக்காமல் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. இதே குறை இங்குள்ள முதியவர்களுக்கும் உண்டு. சான் டியேகோ நகரம் 2025இல் ஒரு சட்டமே கொண்டுவந்தது: டிஜிட்டல் சலுகை தரும் மளிகைக் கடை, கேட்பவருக்கு அதே சலுகையைக் காகிதத்திலும் தர வேண்டும் என்று. மற்ற ஊர்களில் கஸ்டமர் சர்வீஸ் மேசையில் தன்மையாகக் கேட்டுப் பாருங்கள். அந்த விலையைப் போட்டுத் தருகிற கடைகள் இருக்கின்றன. இல்லையென்றால் உங்கள் போன் நம்பரை அம்மா அப்பாவுக்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம், வீட்டிலிருந்தபடியே நீங்கள் கிளிப் செய்து வைத்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சலுகைக்கு ஈடாக நாம் என்ன வாங்குகிறோம், எப்போது வாங்குகிறோம் என்ற விவரம் கடைக்குப் போகிறது. அதில் உங்களுக்குத் தயக்கம் இருந்தால் கூப்பனுக்கென்று தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பர அஞ்சல்களும் அங்கேயே போய்ச் சேரும்.

ஒன்று வாங்கினால் ஒன்று, பத்துக்குப் பத்து

'போகோ' என்று தட்டில் போட்டிருந்தால் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். சில கடைகளில் ஒன்றே ஒன்று எடுத்தாலும் பாதி விலைதான் விழும். சிலவற்றில் இரண்டும் எடுத்தால்தான் சலுகை. கேட்டுவிட்டு எடுங்கள். கடை தரும் போகோவாக இருந்தால், பல கடைகளில் இரண்டு பொருளுக்கும் தலா ஒரு கம்பெனி கூப்பன் போட விடுவார்கள், இலவசமாக வந்ததற்கும் சேர்த்து. நான் பார்த்ததில் நல்ல சேமிப்பு அமைவது இப்படித்தான்.

'10க்கு 10 டாலர்' என்ற சீட்டைப் பார்த்துப் பத்து தயிர் டப்பாவை அள்ளத் தேவையில்லை. பெரும்பாலும் ஒன்று எடுத்தாலும் 1 டாலர்தான். 'மஸ்ட் பை 5' என்று இருந்தால் மட்டும் ஐந்து எடுத்தாக வேண்டும். அந்த ஐந்தும் ஒரே பொருளாக இருக்கத் தேவையில்லை, அதே சீட்டு ஒட்டிய வேறு பொருள்களைக் கலந்து எடுக்கலாம்.

ஒரு பில்லை உடைத்துப் பார்ப்போம்

கணக்குப் புரிவதற்காக ஒரு டிடர்ஜென்ட் டப்பாவை எடுத்துக்கொள்வோம். சாதாரண விலை 11.99 டாலர். அந்த வார விளம்பரத்தில் உறுப்பினர் விலை 8.99. செயலியில் 1 டாலர் கடைக் கூப்பன், கையில் 2 டாலர் கம்பெனி கூப்பன்.

பில் போட ஆரம்பிக்கும்போதே போன் நம்பரை அடியுங்கள். டப்பா ஸ்கேன் ஆனதும் 8.99 ஆகும். கடைக் கூப்பன் தானாகக் கழிந்து 7.99. எல்லாப் பொருளும் ஸ்கேன் ஆன பிறகு, பணம் கட்டுவதற்கு முன்னால், காகிதக் கூப்பனைக் கொடுங்கள்: 5.99. தானியங்கிக் கவுண்டராக இருந்தால் கூப்பனை ஸ்கேன் செய்துவிட்டு அதற்கான துளையில் போட வேண்டும். இயந்திரம் அடம்பிடித்தால் மேலே விளக்கு எரியும், ஊழியர் வருவார். கார்டைத் தேய்த்த பிறகு ஞாபகம் வந்தால் அந்தக் கவுண்டரில் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது வரி. பல மாநிலங்களில் உணவுப் பொருளுக்கு விற்பனை வரி கிடையாது, ஆனால் டிடர்ஜென்ட் போன்றவற்றுக்கு உண்டு. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற இடங்களில் வரி 5.99க்குப் போடாமல் 7.99க்குப் போடுவார்கள். காரணம், நம்முடைய அதே கேள்விதான். கடைக் கூப்பன் என்பது கடை தன் விலையைக் குறைப்பது. விலையே குறைந்ததால் வரியும் குறைகிறது. கம்பெனி கூப்பனில் கடைக்கு முழுக் காசும் வந்துவிடுகிறது, ஒரு பங்கு உங்களிடமிருந்து, மறு பங்கு கம்பெனியிடமிருந்து. ஆகவே முழுத் தொகைக்கும் வரி. ரசீதில் வரி கூடுதலாகத் தெரிந்தால் கேஷியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

மொத்த பில்லுக்கான '50க்கு 10' மாதிரிக் கூப்பன் இருந்தால், 50 என்பது எதைக் கழித்த பிறகு என்பது கடைக்குக் கடை மாறும். வழக்கமாகக் கடையின் சொந்தத் தள்ளுபடிகளைக் கழித்த பிறகு, கம்பெனி கூப்பன்களைக் கழிப்பதற்கு முன்பு கணக்கிடுவார்கள். 49.70இல் நின்றுவிட்டால் ஒரு கட்டு கொத்தமல்லி எடுத்து 50ஐத் தாண்டிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. ஐபோட்டா, ஃபெட்ச் போன்ற செயலிகள் வாங்கிய பிறகு காசோ புள்ளியோ தருகின்றன. ஐபோட்டாவில் பொருளுக்கான சலுகையை முதலில் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு, பிறகு ரசீதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், அல்லது கடைக் கணக்கை அதோடு இணைத்திருக்க வேண்டும். ஃபெட்சில் எந்தக் கடை ரசீதானாலும் கொஞ்சம் புள்ளி கிடைக்கும். இந்த டிடர்ஜென்டுக்கு 1 டாலர் திரும்ப வந்தால் கடைசி விலை 4.99. குறிப்பிட்ட தொகை சேர்ந்த பிறகுதான் எடுக்க முடியும் என்பதால் பொறுமை தேவை. க்ரோகரில் இன்னொரு லாபமும் உண்டு: 1 டாலருக்கு 1 புள்ளி வீதம் 100 புள்ளி சேர்ந்தால் பெட்ரோலில் கேலனுக்கு 10 சென்ட் குறையும். கார் வைத்திருப்பவர்கள் இதை விடக் கூடாது.

எங்கே செல்லாது, எப்போது வேண்டாம்

காஸ்ட்கோவும் ஆல்டியும் கம்பெனி கூப்பன் வாங்குவதில்லை. காஸ்ட்கோவின் மாதச் சலுகைகளுக்கு எதையும் வெட்ட வேண்டியதுமில்லை, பில்லிலேயே தானாகக் கழிந்துவிடும். மற்ற கடைகளின் இணையதளத்தில் 'கூப்பன் பாலிசி' என்று ஒரு பக்கம் இருக்கும். அதை ஒரு தடவை முழுதாகப் படித்துப் போனில் சேமித்து வையுங்கள். கேஷியர் புதியவராக இருந்து குழம்பினால் அந்தப் பக்கத்தைக் காட்டிப் பேசலாம்.

கூப்பன் பொருளின் விலையைவிடக் கூடுதலாக இருந்தால், 99 சென்ட் பொருளுக்கு 1.50 கூப்பன் என்பது போல, பெரும்பாலான கடைகள் விலை அளவுக்கு மட்டும் கழிக்கும், மிச்சத்தைத் தராது. பொருளைத் திருப்பிக் கொடுத்தாலும் நீங்கள் கட்டிய தொகைதான் வரும்.

இதில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். அரிசி, பருப்பு, காய்கறி, பழம் என்று நம் சமையலின் முக்கால் பங்குக்குக் கம்பெனி கூப்பன் அபூர்வமாகத்தான் வரும். கூப்பன் கொட்டிக் கிடப்பது சீரியல், சிப்ஸ், ஃப்ரோசன் உணவு, சோடா, அப்புறம் டிடர்ஜென்ட், டயப்பர், டூத்பேஸ்ட், ஷாம்பு. சீரியல், சிப்ஸ், சோடா வகையறாவைக் கூப்பனுக்காக வாங்கத் தொடங்கினால் செலவும் கூடும், சாப்பாட்டுப் பழக்கமும் மாறும். டிடர்ஜென்ட், டயப்பர் போன்றவை எப்படியும் தேவை, கெட்டும் போகாது. உங்கள் நேரத்தை அங்கே செலவிடுங்கள். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் டயப்பர் கூப்பன் மட்டும் ஒழுங்காகப் பார்த்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

கூப்பன் இருப்பதாலேயே அது மலிவு என்று ஆகிவிடாது. 12 அவுன்ஸ் பிராண்ட் சீரியல் 4.49, கூப்பன் போக 3.49. பக்கத்திலேயே கடையின் சொந்தப் பிராண்ட் அதே அளவு 2.29 என்றால் கூப்பனைக் கீழே வையுங்கள். விலைச் சீட்டின் மூலையில் பொடியாக 'ஒரு அவுன்ஸுக்கு இவ்வளவு' என்று போட்டிருப்பார்கள். கடையில் படிக்க வேண்டிய எண் அதுதான். ஆனால் சின்ன டப்பாவில் கூப்பன் போட்டால் அவுன்ஸ் கணக்கிலேயே பெரிய டப்பாவைவிட மலிவாக வருவதும் நடக்கும். 1.99 டப்பாவில் 1 டாலர் குறைந்தால் பாதி விலை, 7.99 டப்பாவில் அதே 1 டாலர் எட்டில் ஒரு பங்குதான்.

எதைச் செய்யக் கூடாது

கூப்பனை ஜெராக்ஸ் எடுத்துப் பயன்படுத்துவது மோசடி. ஒவ்வொரு அச்சுக் கூப்பனும் ஒரு தடவைக்குத்தான். வாட்ஸ்அப் குழுக்களில் 'முழு டயப்பர் பெட்டி இலவசம்' என்று படமாகவோ பிடிஎஃப் ஆகவோ சுற்றும் கூப்பன்கள் அநேகமாகப் போலி. நல்லெண்ணத்தில் அனுப்புகிறவருக்கும் அது தெரியாது. பொருளின் முழு விலைக்கு ஈடான கூப்பனைக் கம்பெனிகள் பொதுவில் இணையத்தில் விடுவதில்லை. புகார் எழுதிய வாடிக்கையாளருக்குத் தபாலில் அனுப்புவார்கள். காசு கொடுத்துக் கூப்பன் வாங்குவதையும் தவிர்த்துவிடுங்கள், கம்பெனிகளின் நிபந்தனைப்படி காசுக்கு விற்ற கூப்பன் செல்லாது. வர்ஜீனியாவில் போலிக் கூப்பன் அச்சிட்டு விற்ற ஒரு பெண்ணுக்கு 2021இல் 12 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. கம்பெனிகளுக்கும் கடைகளுக்கும் ஏற்பட்ட நஷ்டம் 3 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். விசாவில் இருக்கிறவர்களுக்கு ஒரு சின்ன வழக்குகூடப் பெரிய தலைவலி. சந்தேகம் வந்தால் பயன்படுத்தவே வேண்டாம்.

முதல் மாதம்

ஒரே ஒரு கடையில் தொடங்குங்கள். வார விளம்பரம் பல சூப்பர் மார்க்கெட்டுகளில் புதன்கிழமை மாறும். டார்கெட்டிலும் மருந்துக்கடைகளிலும் ஞாயிற்றுக்கிழமை. மாறிய அன்று மாலை செயலியைத் திறந்து, வீட்டில் தீரப்போகும் பொருள்களின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் இருப்பவற்றுக்கு மட்டும் கிளிப் செய்யுங்கள். கூப்பனைப் பார்த்துவிட்டுப் பட்டியல் எழுதினால் தேவையில்லாதது உள்ளே வந்துவிடும். கூப்பன் கிடைத்த அன்றே ஓட வேண்டாம். காலக்கெடு இருக்கும்வரை வைத்திருந்து, அதே பொருள் வார விளம்பரத்தில் விலை குறையும்போது இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

விளம்பரத்தில் வந்த பொருள் தட்டில் தீர்ந்திருந்தால் கஸ்டமர் சர்வீஸ் மேசையில் 'ரெயின் செக்' கேளுங்கள். அதே விலையில் பிறகு வாங்கிக்கொள்ள ஒரு சீட்டு எழுதித் தரும் கடைகள் பல உண்டு. அடுத்த வாரம் பொருள் வந்ததும் அந்தச் சீட்டோடு உங்கள் கூப்பனையும் கொடுக்கலாம். ரெயின் செக் விலையைத்தான் காப்பாற்றும், கூப்பனின் தேதியை நீட்டாது. ஆகவே சீட்டை வாங்கும்போதே பொருள் எந்தக் கிழமை வரும் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.